மூச்சுக்குகையின் பொன்பச்சை

“அட்டைக்கு உப்பு இருக்கு, வழுக்குப் பாறைக்குக் கயிறு இருக்கு, மழைக்குக் குடை இருக்கு. நீ பொய் சொல்றேன்னு சொல்றவங்களுக்கு என்ன வச்சிருக்கே அமலு?”

தமீம் கேலியாகத்தான் கேட்டான். ஆனால் பையின் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் கை சட்டென்று நின்றது. ஜீப்பின் முன்னிருக்கையில் இருந்த வசுமதி மேடத்தின் காதில் விழுந்திருக்குமோ?

விழுந்திருந்தது. அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“நான் ‘பொய்’னு எழுதலை தமீம். ‘காணப்படவில்லை’னுதான் எழுதினேன்.”

“ரெண்டும் வேற வேறயா மேடம்?” என்று கேட்டாள் அமலு.

“வேறதான். ஆனா படிக்கிறவங்க ஒண்ணாத்தான் படிக்கிறாங்க. அதனாலதானே இந்த மழையில மறுபடி வந்து நிக்கிறேன்! நட, நட!”

மூவரும் தொப்பிமலையை நோக்கிக் கிளம்பினார்கள்.

பழனி மலைத்தொடரின் மேல்சரிவில் இருக்கிறது தொப்பிமலை. உச்சியில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, இரண்டுக்கும் நடுவே எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் பாறைகள். பாசிகளுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. பல்கலைக்கழகத்தின் பாசிக் கணக்கெடுப்புக்காக அமலு இரண்டு வருடங்களாக இந்த மலையில் குனிந்த தலையோடு திரிந்துகொண்டிருந்தாள். குனிந்த தலை என்றது உண்மையாகவே! லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, பாறையில் மூக்கு படும்படிப் பார்த்தால்தான் ஒரு பாசிக்கும் இன்னொரு பாசிக்கும் வித்தியாசம் தெரியும். எங்கே, எந்த உயரத்தில், பாறையிலா மரத்திலா என்று எழுதி, ஒரு சிட்டிகை கிள்ளிக் காகிதப் பொட்டலத்தில் மடித்து வைப்பாள். பாசி காய்ந்து சுருண்டுவிடும். ஆனால் சாகாது. மாதக்கணக்கில் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், தூங்கி எழுந்த குழந்தை கைகாலை நீட்டுகிற மாதிரி இலைகளை விரிக்கும்.

சென்ற வருடம் தென்மேற்குப் பருவமழையின்போது, மழைக்கு ஒதுங்க ஒரு குகை வாசலில் நின்றாள். உள்ளே பார்த்தாள். இருட்டுக்குள் ஒரு பாறை பொன்பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது! யாரோ மின்மினிகளை அரைத்துப் பூசிய மாதிரி. கிட்டே போனாள். ஒளி அணைந்துவிட்டது. பாறையில் வெறும் பச்சைப் படலம்தான் இருந்தது. ஈரல்பாசி! பாசிகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். இலை, தண்டு என்று எதுவும் இல்லாமல், ஈரல் துண்டு போல மடல் மடலாகத் தட்டையாகப் படரும் செடி.

வழக்கம்போலக் கிள்ளி, காகிதத்தில் மடித்து, எடுத்துக்கொண்டு வந்தாள். அங்கேதான் தவறு நடந்தது. ஆய்வகத்தில் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே கறுப்புத் தூள் மட்டும் இருந்தது. சொட்டுத் தண்ணீர் விட்டாள், கூழானது. எல்லாப் பாசிக்கும் சரிப்பட்ட காகிதம் இந்த ஒன்றைக் கொன்றுவிட்டது.

“ஒளிர்ந்தது” என்று அவள் எழுதியதைப் பார்த்துவிட்டு ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று குகைக்கு வந்தது. வசுமதி மேடம் அதில் ஒருவர். ஐந்து பேரும் பார்த்தார்கள். ஒளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈரப்பாறையில் ஏதோ பச்சை அழுக்கு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. “இந்த ஒன்றில் கற்பனை கலந்திருக்கிறது என்றால், மற்ற இருநூறு பதிவுகளை எப்படி நம்புவது?” என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அமலுவின் இரண்டு வருட உழைப்பின் மேல் பாறாங்கல்லாக விழுந்தது. கடைசியில் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இந்த மழைக்காலத்தில் ஒருமுறை போகலாம், வசுமதி சாட்சியாக வருவார். செடி கிடைத்தால் சரி. இல்லையென்றால் அவள் பதிவுகள் மொத்தமும் கணக்கெடுப்பிலிருந்து நீக்கப்படும்.

அதனால்தான் அமலு இன்று பையில் காகிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வைத்திருந்தாள். இம்முறை ஈரமாகவே, பாறைத் துணுக்கோடு எடுத்து வரப் போகிறாள்!

சோலைக்காட்டின் ஓரத்தில் வனக்காவலர் நாகையன் காத்திருந்தார். முழங்கால் வரை காலுறை, கழுத்தில் விசில், வாயில் வெற்றிலை.

“வாங்க மேடம். போன வருசம் வந்தீங்கள்ல? அட்டை கடிச்சு ஜீப்பு வரைக்கும் ஓடினீங்களே?”

“அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களா?” என்றார் வசுமதி.

“மறக்க முடியுமா? அவ்வளவு வேகமா இந்த மலையில மானுகூட ஓடினதில்ல.”

தமீம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அவன் புகைப்படக்காரன். பாறையேற்றம் பழகியவன். அமலுவுடன் ஒரே கல்லூரியில் படித்தவன். கயிறும் காமிராவும் அவன் பொறுப்பு.

காட்டுக்குள் நுழைந்ததும் அமலுவின் வாய் சும்மா இருக்கவில்லை. பயம் இருக்கும்போது அவளுக்குப் பேச்சு அதிகமாகும்.

“மேடம், இதைப் பாருங்க! இந்த ஈரல்பாசி மேல குட்டிக் குட்டிக் கிண்ணம் இருக்கு பாருங்க. உள்ள பச்சையா சில்லுகள். மழைத்துளி நேரா கிண்ணத்துல விழுந்தா அந்தச் சில்லு தெறிச்சுப் போய் ஒரு முழம் தள்ளி விழும். அங்கே புதுச் செடி முளைக்கும். மழையையே கவண் மாதிரி வச்சுக்குது!”

வசுமதி குனிந்து பார்த்தார். தாவரவியல் படித்தவர்தான், ஆனால் அவர் துறை பூக்கும் செடிகள். “நல்லா இருக்கு,” என்றார். குகை வேறு, இது வேறு என்ற தொனி அதில் இருந்தது.

நாகையன் கையை உயர்த்தினார். “வந்தாச்சு. மூச்சுக்குகை.”

மலைச்சரிவிலிருந்து எப்போதோ உருண்ட பெரும் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் ஆள் குனிந்து போகும் அளவு வாய். வாயிலிருந்து ஒரு சிற்றோடை சலசலத்து வெளியே வந்தது. கூடவே குளிர்ந்த காற்று.

“பகல்ல இப்படி ஊதும். குளிர்ராவுல உள்ள இழுக்கும். அதான் மூச்சுக்குகை,” என்றார் நாகையன். “உள்ள நான் வரமாட்டேன். மூச்சு விடுறதுன்னா உசுரு இருக்குன்னுதானே அர்த்தம்? நான் வெளிய நின்னு மழையைப் பாத்துக்கிறேன். மேல கறுத்தா விசில் அடிப்பேன். கேட்ட உடனே ஓடி வந்துரணும்!”

அமலு முதலில் நுழைந்தாள். முதல் அறை. இடப்பக்கச் சுவர். சென்ற வருடம் மின்னிய இடம். டார்ச் அடித்தாள்.

சேறு!

போன வருடம் குழு வந்துபோன பிறகு பாய்ந்த வெள்ளம் சுவர் முழுக்கச் செம்மண் சேற்றைப் பூசிவிட்டுப் போயிருந்தது. பச்சைப் படலத்தின் சுவடே இல்லை. விரலால் தேய்த்தாள். அடியிலும் சேறுதான்.

வசுமதி தன் டார்ச்சைச் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஓடவிட்டார். ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது.

“அமலு,” என்று மெதுவாக அழைத்தார் வசுமதி. “உன்மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லம்மா. ஆனா சுவர்ல சேறு இருந்துச்சுன்னுதான் என்னால எழுத முடியும்.”

“உள்ளே இன்னொரு அறை இருக்கு மேடம்! அந்த இடுக்கு தெரியுதா? இங்கே முளைச்ச செடி அங்கேயும் முளைச்சிருக்கும்!”

“அந்த இடுக்கிலயா? பூனை போகலாம்.”

“நான் போவேன். நீங்க இங்கேயே இருங்க.”

வசுமதி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். சேலைக்கு உள்ளே டிராக் பேண்ட், காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் சாப்பாட்டுப் பை. “கண்ணால பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். பார்க்கணும்னா வந்துதானே ஆகணும்? நகரு!”

ஒருவர் பின் ஒருவராக ஓடைத் தண்ணீரில் தவழ்ந்தார்கள். இடுக்கின் நடுவில் அமலுவின் பை சிக்கியது. பலமாக இழுத்தாள். ‘டப்’ என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் டப்பா நசுங்கி, துண்டுதுண்டாக ஓடையில் மிதந்து போனது. அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. எதிரே இரண்டாவது அறை விரிந்தது. கோயில் மண்டபம் அளவு இருக்கும். நடுவே ஓடை. இந்தப் பக்கம் சாய்வான ஒரு மேடை. அந்தப் பக்கம் செங்குத்தான சுவர்.

மூன்று டார்ச்சுகளும் சுவரெங்கும் அலைந்தன. ஈரப்பாறை எங்கே தொட்டாலும் பளபளத்தது. எல்லாமே மின்னினால் எதை என்று தேடுவது?

“ஓடைச் சத்தம் ரொம்பப் பெரிசா இருக்குல்ல?” என்று திடீரெனக் கேட்டான் தமீம்.

மூவரும் திரும்பினார்கள். அவர்கள் வந்த இடுக்கின் வாயில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் இடுக்கின் கூரையைத் தொட்டுவிட்டது! வெளியே நாகையன் நிச்சயம் விசில் அடித்திருப்பார். இந்த இரைச்சலில் எங்கே கேட்கும்?

“மேடைக்கு! ஏறுங்க! ஏறுங்க!” என்று கத்தினாள் அமலு.

தமீம் முதலில் தாவி ஏறி வசுமதியின் கையைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் அவன் டார்ச் நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஒளி ஒரு கணம் ஓடைக்கு அடியில் பச்சையாகத் தெரிந்து, அணைந்தது. அமலுவின் டார்ச் ஏற்கெனவே நனைந்து மங்கிவிட்டது. மிச்சம் இருந்தது வசுமதியின் டார்ச் மட்டும்.

மேடையின் பின்புறம் பெரிய பாறைப் பலகை ஒன்று நிமிர்ந்து நின்றது. மூவரும் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். கண்கள் தண்ணீரை விட்டு நகரவில்லை.

“டார்ச்சை அணைக்கிறேன். பாட்டரி வேணும்,” என்றார் வசுமதி. “மழை நின்னா தண்ணி இறங்கும். பதறாதீங்க. பசிக்குதா?”

“இப்பவா மேடம்?”

“பயத்துல எனக்குப் பசிக்கும். எலுமிச்சைச் சாதம். கையை நீட்டுங்க.”

இருட்டில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது. மூவரும் ஆளுக்கொரு கை அள்ளிச் சாப்பிட்டார்கள். “முந்திரி எல்லாம் எனக்கே வருது,” என்றான் தமீம். “இது வேர்க்கடலைடா,” என்றார் வசுமதி. இருட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூவரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு நின்றதும், தமீமின் பூட்ஸ் நுனியில் தண்ணீர் நக்குவது அவனுக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் காலை மடக்கிக்கொண்டான்.

நேரம் போனது. இருட்டு கண்ணுக்குப் பழகியது. மேலே எங்கோ மழையின் இரைச்சல் குறைந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அமலு அதைப் பார்த்தாள்.

தண்ணீருக்கு அந்தப் பக்கச் சுவரில், முதலில் ஒரு புள்ளி. பிறகு ஒரு கை அகலம். பிறகு பாறை நெடுக ஒரு மேலாடை விரிந்த மாதிரி... பொன்பச்சை!

“மேடம்! மேடம்! எதிர்ச் சுவர்!”

“எங்கே? அ... அட!” வசுமதி முன்னால் சாய்ந்தார். “ஒளிருதே! நிஜமாவே ஒளிருதே!” அவர் இன்னும் நன்றாகப் பார்க்கும் ஆசையில் எழுந்து நின்றார்.

ஒளி அணைந்தது.

“ஐயோ! என்ன ஆச்சு?” வசுமதி பதறி உட்கார்ந்தார்.

ஒளி வந்தது.

அமலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மேடம், இன்னொரு தடவை எந்திரிங்க.”

எழுந்தார். அணைந்தது. உட்கார்ந்தார். எரிந்தது.

“என்ன அமலு, நான் என்ன சுவிட்சா?” என்றார் வசுமதி.

“ஆமா மேடம், நீங்கதான் சுவிட்ச்!” அமலு கத்தியே விட்டாள். “அது சொந்தமா ஒளி விடலை! நான்தான் போன வருசம் பூரா தப்பா நினைச்சுட்டிருந்தேன். ராத்திரி லாரி வெளிச்சத்துல மாட்டுக் கண்ணு மின்னுமே, அந்த மாதிரி! அந்தச் செடியோட செல் ஒவ்வொண்ணும் உப்பின லென்ஸ் மாதிரி. இருட்டுல கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குவிச்சு, உள்ள இருக்கிற பச்சைக்கு ஊட்டும். மிச்ச வெளிச்சம் வந்த வழியாவே திரும்பிப் போகும். அது நம்ம கண்ணுக்குத் தெரியுதுன்னா, வெளிச்சம் எங்கேருந்து வருது?”



“நமக்குப் பின்னாலேருந்து,” என்றான் தமீம்.

“மேடம் எழுந்து நிக்கிற தலை உயரத்துலேருந்து! மேடம், எந்திரிச்சுத் திரும்பிப் பாருங்க!”

அவ்வளவு நேரமும் மூவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. வசுமதி எழுந்தார், திரும்பினார், பாறைப் பலகையின் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“வானம்!” என்றார்.

பலகைக்குப் பின்னால், மேல்நோக்கிச் சரிந்த ஒரு பிளவு. அதன் முடிவில் பெரணி இலைகளும் தொங்கு பாசியும் திரை போட்டிருக்க, நடுவே கீற்றாக வெள்ளை வானம். மழைமேகம் இருந்தவரை அதில் வெளிச்சமே இல்லை. இப்போது மேகம் விலகியிருந்தது.

“குகைக்கு ரெண்டு வாய்!” என்றாள் அமலு. “அதான் காத்து ஊதுது! பகல்ல உள்ள இருக்கிற குளிர்ந்த காத்து கனமா கீழ்வாய் வழியா வழியுது, மேல்வாய் வழியாப் புதுக் காத்து இறங்குது. நாகையண்ணன் வாசல்லயே சொன்னாரு, எனக்குத்தான் உறைக்கலை!”

“பாடம் அப்புறம்! தண்ணி மேடைக்கு வந்துருச்சு!” என்று தமீம் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் தொற்றி ஏறினான். விளிம்பில் தடித்த பாசி மெத்தை. அதைக் கொத்தாகப் பற்றி எம்பினான். மெத்தை அப்படியே ஈரக் கம்பளி போல உரிந்து கையோடு வந்தது! தமீம் சறுக்கிக்கொண்டு அமலுவின் மேலேயே விழுந்தான்.

“பாசிக்கு வேர் கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! பூனைமுடி மாதிரி இழைதான் இருக்கும். வெறும் பாறையைப் பிடி!”

“விழும்போதும் வகுப்பு எடுக்குறா பாருங்க மேடம்!”

இரண்டாம் முறை வெறும் பாறையின் மடிப்பைப் பிடித்து ஏறிவிட்டான். பிளவுக்குள் ஒரு கல்லைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினான். “வாங்க மேடம்!”

வசுமதி கயிற்றைப் பிடித்தார். ஆனால் அமலு நகரவில்லை. மற்ற இருவரும் வெளிச்சத்தின் வழியிலிருந்து ஒதுங்கி நின்றதால், எதிர்ச் சுவரில் பொன்பச்சை இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. நடுவே ஓடை, இப்போது வாய்க்கால் அளவு பெருகி ஓடியது. அங்கே போக முடியாது. விட்டுவிட்டுப் போனால் மறுபடியும் கையில் ஒன்றுமில்லை.

“வா அமலு. நான் பார்த்துட்டேன். நானே சாட்சி. அது போதும்,” என்றார் வசுமதி.

“போன வருசம் நானும் பார்த்தேனே மேடம். பார்த்தது போதலையே.”

வசுமதி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு, கடைசி டார்ச்சை எடுத்து நெற்றியின் ஓரமாக, கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு அடித்தார். “வெளிச்சம் வந்த வழியே திரும்பும்னு சொன்னேல்ல? அப்போ விளக்கு கண்ணுக்குப் பக்கத்துல இருந்தா எங்கே இருந்தாலும் காட்டிக் கொடுக்கும்தானே? எதிர்ச் சுவர் வேணாம், இந்தப் பக்கமா தேடுவோம். ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்!”

ஒளி மேடையின் விளிம்பில் மெதுவாக ஊர்ந்தது. ஈரம் பளபளத்தது, ஈரம் பளபளத்தது... பிறகு, விளிம்பின் ஒரு மூலையில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே துருத்திய பாறையில், வேறு ஒரு மினுக்கம். பொன்னும் பச்சையுமாக!

“அங்கே!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அமலு குப்புறப் படுத்தாள். வசுமதி அவள் கால்கள் மேல் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் முகத்தில் அறைய, அமலு கத்தி முனையால் பாறைச் செதிள் ஒன்றை நெம்பினாள். வரவில்லை. மறுபடி நெம்பினாள். உள்ளங்கை அகலச் செதிள் மேலே செடியோடு பெயர்ந்து வந்தது!

“டப்பா? டப்பா போச்சே மேடம்!”

வசுமதி டிபன் பாக்ஸை நீட்டினார். “கடைசி வாய்ச் சாதத்தையும் வழிச்சுட்டேன். வை!”

மூடி ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டது. மேலே பிளவிலிருந்து தமீமின் குரல்: “எதிர்ச் சுவரை ஃபிளாஷ் இல்லாம ஆறு படம் எடுத்துட்டேன்! இப்பவாவது வர்றீங்களா, இல்ல நான் மட்டும் ஊருக்குப் போகட்டுமா?”

முதலில் வசுமதி, பிறகு அமலு. பிளவு நெருக்கமாக இருந்தது. முழங்கை சிராய்த்தது, தலைமுடியில் மண் கொட்டியது. பெரணித் திரையை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே விழுந்தார்கள்.

புல்! காற்று! கழுவிவிட்ட மாதிரி வெயில்! மூவரும் புல்வெளியில் மல்லாந்து கிடந்தார்கள். மூச்சு விடுவது இவ்வளவு சுகமான வேலை என்று அமலுவுக்கு அதுவரை தெரியாது. டிபன் பாக்ஸ் அவள் நெஞ்சின் மேல் ஏறி இறங்கியது.

கீழே பள்ளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். நாகையன் தண்ணீர் கொப்பளிக்கும் குகை வாயின் முன்னால் நின்று, விசிலை ஊதுவதும் அழுவதுமாக இருந்தார். “தங்கச்சி! மேடம்! ஏ தம்பி! நான் விசில் அடிச்சேனே, கேக்கலையா? ஐயோ, நான் என்னத்தைச் சொல்லுவேன்!”

“அண்ணே! மேல பாருங்க!” என்று கூவினாள் அமலு.

நாகையன் அண்ணாந்து பார்த்தார். தலை முதல் கால் வரை சேறு பூசிய மூன்று உருவங்கள். விசில் வாயிலிருந்து விழுந்தது.

“நீங்க... உசுரோடயா?”

“உசுரோடதான்! குகை மூச்சோட மூச்சா எங்களையும் வெளிய விட்டுருச்சு!” என்றான் தமீம்.

நாகையன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். உடனே கோபம் வந்துவிட்டது. “அப்போ எதுக்குயா நான் இவ்வளவு நேரம் இந்த ஓட்டையைப் பாத்துக் கத்துனேன்? மேல வழி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

“எங்களுக்கே இப்பதான் அண்ணே தெரியும்!”

வன விடுதிக்குப் போனதும் வசுமதி சேலையைக்கூட மாற்றவில்லை. சிறிய நுண்ணோக்கியை ஜன்னலோரம் வைத்து, டிபன் பாக்ஸைத் திறந்தார். ஈரம் குலையாமல், எலுமிச்சை வாசனையோடு செடி உயிருடன் இருந்தது. நெடுநேரம் பார்த்தார். ஒற்றை அடுக்காக, கண்ணாடிக் குண்டுகள் போல உப்பிய செல்கள். உள்ளே அறை அறையாகக் காற்று. அடியில் பச்சை மணிகள்.

“இவ்வளவு மெல்லிசா இருக்கறது காகிதத்துல எப்படிப் பிழைக்கும்?” என்றார். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்: “அமலு, போன வருசம் நாங்க அஞ்சு பேரும் வந்தப்போ எங்கே நின்னோம்?”

“குகை வாசல்ல மேடம். நெருக்கியடிச்சுக்கிட்டு.”

“வெளிச்சம் வர்ற ஒரே வழியில. நான் எல்லாருக்கும் முன்னால நின்னேன், இல்லையா?”

அமலு தயங்கினாள். “ஆமா மேடம்.”

“குடையோட.”

“...விரிச்ச குடையோட மேடம்.”

வசுமதி முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். அமலுவுக்கும் அடக்க முடியவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்தச் சிரிப்பில் உருண்டு எங்கோ போய்விட்டது.

அடுத்த வாரம் துறைத் தலைவரே தொப்பிமலைக்கு வந்தார். குகைக்குள் யாரும் போகத் தேவையில்லை. மேல்வாய்ப் பிளவின் ஓரமாகப் புல்வெளியில் குப்புறப் படுத்துப் பார்த்தாலே போதும், வெளிச்சம் போகும் திசையிலேயே கண்ணும் போகும் என்று அமலு கண்டுபிடித்திருந்தாள். நாகையன் ஏற்கெனவே தினம் இரண்டு முறை படுத்துப் பார்த்துவிட்டு, காட்டில் வேலை செய்யும் அத்தனை பேரையும் கூட்டி வந்து காட்டியிருந்தார்.

துறைத் தலைவர் சட்டை அழுக்காகுமே என்று யோசித்துவிட்டு, ஒருவழியாகப் படுத்தார். பிளவுக்குள் தலையை முழுவதும் விட்டார்.

“ஒண்ணும் தெரியலையேம்மா. இருட்டா இருக்கு.”

அமலு சட்டென்று பிளவை நோக்கி ஓரடி வைத்தாள். பழைய பயம். அதற்குள் வசுமதி முன்னால் வந்தார்.

“சார், வெளிச்சத்தை மறைக்கிறது நீங்கதான். தலையைக் கொஞ்சம் ஓரமா வைங்க. இன்னும் கொஞ்சம். ம், அப்படியே கண்ணு பழகட்டும்.”

புல்லின் மேல் காற்று ஓடியது. ஒரு குருவி கூவி ஓய்ந்தது. பிறகு பிளவுக்குள்ளிருந்து, கணீரென்று எதிரொலித்தது அந்தப் பெரிய மனிதரின் குரல்:

“அடேயப்பா!”

அன்று மாலையே அமலோற்பவத்தின் இருநூறு பதிவுகளும் கணக்கெடுப்பில் திரும்பச் சேர்ந்தன. கூடவே இன்னொன்றும் சேர்ந்தது: தொப்பிமலை, மூச்சுக்குகை, ஈரப்பாறை மேல், ஒளியைத் திருப்பித் தரும் ஈரல்பாசி. கண்டவர் என்ற இடத்தில் அவள் பெயர். அடியில் தன் கையால் ஒரு குறிப்பு எழுதினாள், பின்னால் வருகிறவர்களுக்காக: ‘பார்க்க வேண்டுமானால், வழிவிட்டு நிற்கவும்.’

அன்று மலையிலிருந்து கிளம்பும் நேரத்தில் மேற்கே மேகம் திரண்டது. நாகையன் பிளவின் ஓரத்தில் படுத்து, கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தூறல் விழுந்ததும் தமீம் காமிராவைப் பைக்குள் வைத்தான். வசுமதி மேடம் பழக்கதோஷத்தில் அவர் பக்கத்தில் போய் நின்று குடையை விரித்தார்.

“மேடம்!” என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கத்தின.